பழைய பேண்ட்சா வாங்கலாமா? 1 லட்சத்துக்குள்ள, தேக்கு உத்திரம் பலகையா அறுக்க

பழையஉத்திரம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் காரைக்குடி பக்கம் சின்ன பட்டறை வச்சிருக்கேன், நானும் ரெண்டு ஆசாரியும். இடிக்கிற பழைய வீட்டுல இருந்து வர்ற பர்மா தேக்கு உத்திரம், தூண், நிலைக்கட்டை இதெல்லாம் வாங்கி டேபிள், ஊஞ்சல் பலகை, ஷெல்ஃப்னு பண்ணி விக்கிறோம். பிரச்சனை என்னன்னா பலகை அறுக்கறது. இங்க இருக்கற மில்லு எல்லாத்துலயும் பழைய மரம்னு சொன்னாலே கையெடுத்து கும்பிடுறாங்க, ஆணி இருக்கும்னு. போன மாசம் ஒரு மில்லுல கெஞ்சி கூத்தாடி ஏத்துக்க வச்சேன், "ஆணி எல்லாம் புடுங்கியாச்சுண்ணே, நான் கேரண்டி"னு வாய விட்டேன், மூணாவது உத்திரத்துலயே டப்புனு ஒரு சத்தம். உள்ளுக்குள்ள தலை இல்லாத பழைய சதுர ஆணி, வெளிய ஒண்ணுமே தெரியல. பிளேடுல பதினஞ்சு பல்லு காலி, பிளேடு காசும் நான் தான் குடுத்தேன், அன்னைக்கு வேலையும் போச்சு, இப்ப அந்த மில்லு பக்கம் போனாலே மூஞ்சிய திருப்பிக்கிறாரு. அவர் மேல தப்பு சொல்ல மாட்டேன்.

அதான் சொந்தமா ஒரு பேண்ட்சா, அதாவது மேலயும் கீழயும் இருக்கற ரெண்டு வீல்ல பட்டை பிளேடு சுத்தி மரம் அறுக்கற மிஷின், போட்றலாம்னு. புதுசு வாங்க வசதி இல்ல. எல்லாம் சேத்து 1 லட்சம் தான் கைல, மிஷின் வண்டி வாடகை பொருத்துற செலவு எல்லாம் அதுக்குள்ள. உத்திரம் பெரும்பாலும் 8 இஞ்ச்ல இருந்து 10 இஞ்ச் அகலம், எப்பவாச்சும் ஒண்ணு 12. இப்ப மூணு மிஷின் பாத்து வச்சிருக்கேன்:

செங்கோட்டை பக்கம் மூடுன மில்லுல 42 இஞ்ச் வீல், 10 ஹெச்பி மோட்டாரோட 85,000. போட்டோல பாத்தா யானை மாதிரி இருக்கு.

கோயம்புத்தூர்ல பழைய மிஷின் வாங்கி விக்கிறவர்ட்ட 36 இஞ்ச், 5 ஹெச்பி, 95,000 சொல்றாரு. பெயிண்ட் எல்லாம் அடிச்சு பளபளன்னு இருக்கு.

மேலூர்ல ஒரு ஆசாரி தொழில விடுறாரு, அவர்ட்ட 24 இஞ்ச், 2 ஹெச்பி சிங்கிள் பேஸ், 45,000.

மனசு 42 மேல தான் இருக்கு, வாங்கறது தான் வாங்கறோம் பெருசா வாங்கிட்டா பின்னாடி கவலை இல்லல்ல? பட்டறைல இப்போதைக்கு சிங்கிள் பேஸ் கரண்ட் தான். அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க, நான் இதுவரை பேண்ட்சா பக்கத்துல நின்னு பாத்திருக்கேனே ஒழிய ஓட்டுனது கிடையாது.

---

மில்லுக்காரன்_தென்காசி எழுதியது:

தம்பி, அந்த 42ஐ மறந்துருங்க. நான் முப்பது வருசம் மில்லுல இருந்தவன், எங்க ஊரு மிஷின நானே வேண்டாம்னு சொல்லுதேன்னா பாத்துக்கோங்க.

போட்டோல பாதி மிஷின் தான் தெரியும். கீழ் வீலு தரைக்கு அடியில குழிக்குள்ள இருக்கும், அதுக்கு குழி தோண்டி கான்கிரீட் போட்டு போல்ட்டு பதிக்கணும், மழைக்காலத்துல குழிக்குள்ள தண்ணி ஊறிச்சுன்னா இறைச்சுக்கிட்டே கிடக்கணும். குழி, பவுண்டேசன், கிரேன், லாரி எல்லாம் சேந்தா மிஷின் விலையில பாதிக்கு மேல ஆகிப்போவும். அந்த வீலுக்கு 22, 23 அடி நீளத்துல நாலு இஞ்ச் அகலத்துல பிளேடு மாட்டணும். அந்த பிளேட சும்மா அரம் வச்சு தீட்டிட்டு மாட்ட முடியாது தம்பி. சுத்தியல் வச்சு தட்டி, நடுவுல கொஞ்சம் இழுத்து விட்டு, டென்சன் வைக்கணும், அதுக்கு சா டாக்டர்னு தனி ஆளு உண்டு. பெரிய மில்லுல எல்லாம் அவருக்கு தான் மொத மரியாதை. எங்க மில்லுல இருந்தவரு பிளேட கையில வளைச்சு ஸ்கேல வச்சு வெளிச்சம் பாத்துட்டே "இங்கன ரெண்டு அடி"ன்னு சொல்லுவாரு, அடிச்சா சரியா இருக்கும். அந்த மாதிரி ஆளுக இப்ப கிடையாது. இருக்கவங்களும் காரைக்குடிக்கு உங்களுக்காக வரமாட்டாங்க. டென்சன் இல்லாத அகல பிளேடு பாம்பு மாதிரி நெளிஞ்சு நெளிஞ்சு அறுக்கும், பலகை ஒரு பக்கம் ஒரு இஞ்சு மறுபக்கம் முக்கா இஞ்சுன்னு வரும்.

இன்னொண்ணு, முழு மரம் தள்ளுறதுக்குன்னு வச்ச மிஷின் அது. உங்களுக்கு வர்றது ஏற்கனவே சதுரமா அறுத்த உத்திரம். அதுக்கு தச்சுப் பட்டறை மிஷினே தாராளம். ரெண்டு இஞ்சுக்கு உள்ள இருக்க பிளேடா பாருங்க, நீங்களே தீட்டிக்கலாம், ஆணியில போனாலும் வயிறு எரியாது.

---

லேத்து_கோவை எழுதியது:

அண்ணன் சொன்னது ரொம்ப சரிங்க. நான் அந்த 36 பத்தி சொல்றேன். எங்கூர்ல பழைய மிஷினு வாங்கி விக்கிறவங்க நெறைய பேரு நல்லவங்க தானுங்க, ஆனா பெயிண்ட் அடிச்ச மிஷின்னா நான் ரெண்டு தடவ யோசிப்பேன். துருப்புடிச்சு, எண்ணெய்ப் பிசுக்கோட, மரத்தூளு ஒட்டிக்கிட்டு நிக்கிற மிஷினு பொய் சொல்லாதுங்க. விரிசல் விட்டு வெல்டு வச்சு பட்டி பாத்து பெயிண்ட் அடிச்சுட்டா யாருக்கு தெரியும்?

போறப்ப ஒரு சின்ன சுத்தியல், ஒரு அடி ஸ்டீல் ஸ்கேல், டார்ச், முடிஞ்சா டயல் கேஜ் கொண்டு போங்க. பிளேட கழட்டச் சொல்லுங்க. கழட்ட மாட்டேன்னா அங்கயே திரும்பி வந்துருங்க. பிளேடு இல்லாம மேல் வீல கைல சுத்தி விட்டா சத்தமில்லாம ரொம்ப நேரம் சுத்தி மெதுவா நிக்கணும். கரகரன்னு கேட்டா பேரிங், அது பெரிய விசயமில்ல, பேரிங்கு நம்பர் பாத்து மாத்திக்கலாம், ஆயிரக்கணக்குல தான் செலவு. ஆனா ஒவ்வொரு தடவையும் ஒரே எடத்துல வந்து நின்னுச்சுன்னா வீலு பேலன்ஸ் போயிருக்குங்க, யாரோ ஒரு பக்கம் வெல்டு வச்சிருக்கலாம்.

அப்புறம் வீலோட ஒவ்வொரு ஆரத்தையும் சுத்தியல்ல லேசா தட்டுங்க. வார்ப்பு இரும்பு நல்லா இருந்தா கோயில் மணி மாதிரி கணீர்னு கேக்கும், விரிசல் இருந்தா ஓட்டப்பானை சத்தம். ஆரம் வந்து நடு குடத்துல சேர்ற எடம், வீல சாஃப்டோட பூட்டற சாவி போட்டிருக்கற காடி, இது ரெண்டும் தான் மொதல்ல விரியும். விரிசல் விட்ட வீல எவ்ளோ கம்மி விலைக்கு குடுத்தாலும் தொடாதீங்க, அந்த வேகத்துல ஒடைஞ்சா கூரைய பிச்சுக்கிட்டு போகும். சும்மா பயமுறுத்தல, எங்க பழைய பட்டறைக்கு பக்கத்துல ஒருக்கா நடந்துச்சு, நல்லவேளை அன்னைக்கு டீ டைமு.

வீலுக்கு மேல ஸ்கேல குறுக்க வச்சு பாருங்க. நடுவுல லேசா மேடு இருக்கணும், இல்லைன்னா தட்டையாவாச்சும் இருக்கணும். குழி விழுந்து தேஞ்சிருந்தா பிளேடு ஒரு எடத்துல நிக்காதுங்க. ரப்பர் டயர் போட்ட வீலுன்னா ரப்பர் மாத்தி தேச்சுக்கலாம், இரும்பே தேஞ்சிருந்தா லேத்துல கடையணும், 36 இஞ்ச் வீல ஏத்தற லேத்து எல்லா ஊர்லயும் இருக்காது. அப்புறம் வீலுக்கு கீழ ஒரு கடப்பாரை குடுத்து மேல தூக்கி பாருங்க, ஆட்டம் தெரிஞ்சா பேரிங்கோ இல்ல சாஃப்டே தேஞ்சோ இருக்கும். சாஃப்ட் தேஞ்சா செலவு ஏறும்.

புல்லி அளவையும் குறிச்சுட்டு வாங்க. மோட்டார் 1440 ஆர்பிஎம், அதுல 6 இஞ்ச் புல்லி, வீல்ல 16 இஞ்ச் புல்லின்னா வீலு நிமிசத்துக்கு 540 சுத்து. 36 இஞ்ச் வீலுக்கு ஒரு சுத்து ஒன்பதரை அடிக்கு கொஞ்சம் கம்மி, ஆக பிளேடு நிமிசத்துக்கு 5,000 அடி சொச்சம் ஓடும். அது சரியான வேகம். சில பேரு வேகமா அறுக்கணும்னு மோட்டார் புல்லிய பெருசா மாத்தி வச்சிருப்பாங்க. வார்ப்பு வீலுக்கு அது எமன்.

95,000 ஜாஸ்திங்க. நல்லா இருந்தாலும் 75க்கு மேல குடுக்காதீங்க.

---

ஒருஇழைப்புளி எழுதியது:

எல்லாரும் 36, 42ன்னு பேசுறீங்க. நான் ஒரு 24 இஞ்ச் மிஷின்லயே ஆறு வருசமா 10 இஞ்ச் பலா, வேங்கை, தேக்கு எல்லாம் அறுத்துட்டு இருக்கேன், பண்ருட்டி பக்கம். பெரிய மிஷின் தான் பெரிய பலகை அறுக்கும்ங்கறது ஒரு மாயை. பலகை நேரா வர்றதுக்கு காரணம் பிளேடு, அப்புறம் தள்ளுற ஆளோட பொறுமை.

பிளேடு தடிமனுக்கு ஒரு பழைய கணக்கு இருக்கு, வீல் எத்தனை இஞ்சோ இஞ்ச்ல அத்தனை ஆயிரத்துல ஒரு பங்குக்கு மேல பிளேடு தடிமன் போகக் கூடாது. 36 வீலுக்கு 20 கேஜ், 24 வீலுக்கு 24 கேஜ், கேஜ் நம்பர் ஏற ஏற பிளேடு மெல்லிசு. 24 வீல்ல கொண்டு போய் 20 கேஜ் மாட்டுனா ரெண்டு நாள்ல பல்லு அடியில மயிரிழை மாதிரி விரிசல் வந்து பட்டுனு போகும், அப்புறம் பிளேடு கடைக்காரன திட்டிட்டு இருப்போம். பிளேடு வளைஞ்சு வளைஞ்சு நிமிர்றதுல தான் செத்து போகுது, ஆணி இல்லாட்டியும்.

மெல்லிசு பிளேடுல இன்னொரு லாபம். உங்கள்ட்ட இருக்கறது பர்மா தேக்கு, தூளா போறதும் காசு தான். மூணு இஞ்ச் கட்டை, அதாவது 75 மில்லிய 8 மில்லி சில்லா போடறீங்கன்னு வைங்க, பேண்ட்சா 2 மில்லி தின்னா ஏழு சில்லு வரும், வட்ட ரம்பம் 4 மில்லி தின்னா ஆறு தான். ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு பலகை உங்க பாக்கெட்ல இருந்து எடுத்து கீழ கொட்டுற மாதிரி.

பல்லு விசயத்துல கஞ்சத்தனம் இல்லாம பெரிய பல்லா எடுங்க, இஞ்சுக்கு ரெண்டு இல்ல மூணு பல்லு. நெருக்கமா பல்லு இருந்தா வழவழன்னு அறுக்கும்னு நினைச்சு ஆறு பல்லு பிளேடு மாட்டுனா, 10 இஞ்ச் மரத்துக்குள்ள தூளுக்கு போக எடம் கிடையாது, பல்லு இடுக்குல அடைச்சு பிளேடு சூடாகி வயிறு மாதிரி உப்பலா வளைஞ்சு போகும். நானும் பண்ணேன், ஒரு நல்ல வேங்கை பலகை போச்சு, அத இன்னும் சுவத்துல மாட்டி வச்சிருக்கேன்.

ஆனா ஒண்ணு, அந்த 2 ஹெச்பி பத்தாது. ஓடும், மாட்டு வண்டி வேகத்துல ஓடும். 10 இஞ்ச் தேக்குக்கு 3 ஹெச்பியாச்சும் போடுங்க. அதோட கைடுக்கு (டேபிளுக்கு மேல பிளேட ஆடாம பிடிக்கிற பாகம்) கீழ எத்தனை இஞ்ச் உயரம் கிடைக்குதுன்னு அளந்து பாருங்க, 24 மிஷின்ல பல தடவ 11 இஞ்ச்க்கு மேல வராது, உங்க 12 இஞ்ச் உத்திரம் நுழையாது.

---

வயர்மேன்_2பேஸ் எழுதியது:

கரண்ட் பத்தி யாரும் பேசல, அதனால நான். இங்க பல பேர் "சிங்கிள் பேஸ்ல விஎஃப்டி போட்டா 3 பேஸ் மோட்டார் ஓடும்"னு சொல்லி கேட்டிருப்பீங்க. விஎஃப்டின்னா சிங்கிள் பேஸ வாங்கி 3 பேஸா குடுக்கற டப்பா. ஓடும், எல்லா மோட்டாரும் ஓடாது. சிங்கிள் பேஸ் 230 வோல்ட் குடுத்தா அந்த டப்பா வெளிய தர்றதும் 230 தான். சின்ன மோட்டார்ல நேம்பிளேட்ல 415 வோல்ட் ஸ்டார்னு போட்டிருக்கும் (ஸ்டார், டெல்டாங்கறது மோட்டார் காயில இணைக்கற ரெண்டு முறை), அத பெட்டிக்குள்ள பட்டை மாத்தி டெல்டா பண்ணா 230ல முழு பவர்ல ஓடும். 5 ஹெச்பி, 7.5 ஹெச்பி எல்லாம் 415லயே டெல்டாவா தான் பெரும்பாலும் வரும். அத இந்த டப்பாவுல போட்டா சத்து இல்லாம முக்கும், மரத்த குடுத்த உடனே நிக்கும், சூடாகும், காயில் போகும். அதனால மிஷின் பாக்க போறப்ப மோட்டார் நேம்பிளேட்ட போட்டோ எடுங்க, நேம்பிளேட் இல்லாத மோட்டார்னா ரெண்டு மூணு தடவ காயில் கட்டுனதுன்னு வச்சுக்கங்க.

என் அபிப்ராயம், தொழிலுக்குன்னா ஈபில 3 பேஸ் எழுதி குடுத்து வாங்கிருங்க. கொஞ்சம் நடக்கணும், கொஞ்சம் காத்திருக்கணும். வீட்டு மீட்டர்ல இருந்து இழுத்து பட்டறை ஓட்டறத கண்டிப்பா பண்ணாதீங்க, பிடிச்சா அபராதம் மிஷின் விலைக்கு வரும்.

3 பேஸ் வந்தப்புறம் ஸ்டார்டரோட சிங்கிள் பேஸ் பிரிவென்டர் மறக்காம மாட்டுங்க. நம்மூர்ல ஒரு பேஸ் போறதுங்கறது வாரத்துக்கு ஒரு திருவிழா, ரெண்டு பேஸ்ல மோட்டார் உறுமிக்கிட்டே எரிஞ்சு போறத நான் வருசத்துக்கு பத்து பாக்கறேன், அதுல தான் என் பொழப்பும் ஓடுதுன்னு வைங்க. 5 ஹெச்பி வரைக்கும் நேரடி ஸ்டார்டர் போதும், அதுக்கு மேல போனா ஸ்டார் டெல்டா ஸ்டார்டர். பெரிய வீலு கனமா இருக்கும், கிளம்பறப்ப ரொம்ப இழுக்கும். மிஷின ஓட விட்டு கிளாம்ப் மீட்டர் (வயர கவ்வி கரண்ட் அளக்கற மீட்டர்) வச்சு பாருங்க, 5 ஹெச்பிக்கு முழு லோடே ஏழரை ஆம்பியர் பக்கம் தான், சும்மா ஓடறப்பவே ஆறுக்கு மேல காட்டுனா எங்கயோ இறுகியிருக்கு இல்ல மோட்டார் சரியில்ல.

---

ரேஞ்ச்ஆபீஸ்_நடந்தவன் எழுதியது:

மிஷின் பேச்சு எல்லாம் சரி. வனத்துறை பத்தி யாருமே வாய தொறக்கலயே?

நம்ம நீலகிரி கூடலூர் காட்டு விசயமா 1995ல சுப்ரீம் கோர்ட்டுக்கு போன கோதவர்மன் திருமுல்பாடு கேஸ்ல தான் 1996 டிசம்பர்ல அந்த பெரிய உத்தரவு வந்துச்சு. அதுல இருந்து மரம் அறுக்கற மில்லுக்கு நாடு பூரா கெடுபிடி, 2016ல மத்திய அரசு தனியா வழிகாட்டு விதியும் போட்டாச்சு. பேண்ட்சான்னாலே மில்லான்னு ஒரு கேள்வி வரும். "நான் பட்டறை தான் சார் மில்லு இல்ல"ன்னு வாயால சொன்னா எடுபடாது. மிஷின் வாங்கறதுக்கு முன்னாடியே மாவட்ட வன அலுவலர் ஆபீஸ்ல, வீல் சைஸ், மோட்டார், என்ன மரம், முழு மரம் அறுக்க போறதில்ல பழைய வீட்டு மரம் தான், இதெல்லாம் எழுதி மனுவா குடுத்து, பதில எழுத்துல வாங்கிக்கங்க. நான் வாங்கிட்டு அப்புறம் கேக்க போனேன், மிஷின் அஞ்சு மாசம் தார்ப்பாய்க்குள்ள கிடந்துச்சு, எலி குடும்பம் நடத்துச்சு.

அதே மாதிரி உத்திரம் வாங்கறப்ப வீட்டுக்காரர்ட்ட ஒரு கடிதம், பில்லு, இடிக்கறதுக்கு முன்னாடி வீட்டு போட்டோ, இதெல்லாம் வச்சுக்கங்க. தேக்கு ஏத்துன வண்டிய வழியில நிறுத்துனா பழைய மரம்னு நீங்க தான் நிரூபிக்கணும்.

---

பழையஉத்திரம் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ விவரமா யாரும் சொல்லி கேட்டதில்ல. 42 வேண்டாம்னு முடிவாயிருச்சு. மில்லுக்காரண்ணே, குழி விசயம் எனக்கு தெரியவே தெரியாது, என் பட்டறை பாதி வயக்காட்டுல இருக்கு, நாலு அடி தோண்டுனா தண்ணி.

போன ஞாயித்துக்கிழமை கோயம்புத்தூர் போயிட்டு வந்தேன். பஸ்ல சுத்தியல கொண்டு போனதுக்கு கண்டக்டர் ஒரு மாதிரி பாத்தாரு. விக்கிறவர் நல்லா தான் பேசுனாரு, டீ எல்லாம் வாங்கி குடுத்தாரு. பிளேட கழட்ட சொன்னதும் மொகம் மாறிருச்சு. சரின்னு கழட்டுனாரு. மேல் வீலு ஆறு ஆரமும் கணீர்னு கேட்டுச்சு. கீழ் வீல குனிஞ்சு தட்டுனா ஒண்ணு மட்டும் தொப்புன்னு. மறுபடி தட்டுனேன், அதே தொப்பு. டார்ச் அடிச்சு பாத்தா குடத்துகிட்ட பெயிண்டுக்கு அடியில ஒரு மேடு, வெல்டு வச்சு தேச்ச மாதிரி. கேட்டேன், "அது வார்ப்புலயே அப்படித்தான் தம்பி"ன்னாரு. நான் இன்னொரு தடவ தட்டவும் "மிஷின் வாங்க வந்தீங்களா பொண்ணு பாக்க வந்தீங்களா"ன்னு கோவிச்சுக்கிட்டாரு. கும்பிடு போட்டுட்டு வந்துட்டேன். லேத்து அண்ணே, அந்த சுத்தியல் ஒண்ணு என் ஒரு லட்சத்த காப்பாத்திருச்சு.

மேலூர் 24ம் பாத்தேன், மிஷின் சுத்தம், ஆனா உயரம் அளந்தா பத்தரை தான். இப்ப என்ன பண்றதுன்னு தெரியல.

---

லேத்து_கோவை எழுதியது:

நல்லதா போச்சுங்க. ஒரு யோசனை. மில்லு மிஷினு, மரக்கடை மிஷினு தேடறத விட்டுட்டு பேட்டர்ன் ஷாப் மிஷினு தேடுங்க. எங்கூர்ல பவுண்டரி நெறைய, வார்ப்புக்கு மரத்துல அச்சு செய்யற கடை ஒரு காலத்துல சந்துக்கு சந்து இருந்துச்சு. இப்ப அச்செல்லாம் கம்ப்யூட்டர் மிஷின்ல, அலுமினியத்துல போயிருச்சு, வயசான பேட்டர்ன் ஆசாரிங்க கடைய மூடறாங்க. அந்த மிஷினெல்லாம் லேசான மரம் தான் அறுத்திருக்கும், அதுவும் நாளைக்கு ஒரு மணி நேரம் ரெண்டு மணி நேரம். ஆசாரிங்க மிஷின புள்ள மாதிரி வச்சிருப்பாங்க. 30 இஞ்ச் நெறைய கிடைக்கும், 14 இஞ்ச் உயரம் வரும், குழி வேண்டாம். நானும் ரெண்டு எடத்துல கேட்டு வைக்கறேனுங்க.

---

மில்லுக்காரன்_தென்காசி எழுதியது:

அது நல்ல யோசனை. தம்பி, மிஷின் வந்தா ஏத்துறப்ப ஒரு விசயம். தலை கனமான சாமான் அது, நிக்க வச்சு கட்டி கொண்டு வந்தா வளைவுல சாஞ்சிரும். வீலு ரெண்டையும், டேபிளையும் கழட்டி தனியா வைங்க, உடம்ப படுக்க வச்சு அடியில பழைய டயரு போடுங்க. குட்டியானையில ஏத்தாதீங்க, 407 லாரி பேசுங்க. இறக்குறதுக்கு கிரேன் சொல்லிட்டு அப்புறம் வண்டிய கிளப்புங்க. "நாலு பேரு இருக்கோம் இறக்கிருவோம்"னு சொல்லி இடுப்ப ஒடிச்சவன் நான்.

ஆணிக்கு, காவலாளி கையில வச்சிருப்பான்ல கோலு மாதிரி மெட்டல் டிடெக்டர், அது ஒண்ணு வாங்குங்க. உத்திரத்த நாலு பக்கமும் தடவி, கத்துற எடத்துல சாக்பீஸ் வட்டம் போட்டு வைங்க. தலை இல்லாத ஆணிய சுத்தி மரம் கருப்பா கறை பிடிச்சிருக்கும், அதையும் கண்ணுல பாருங்க. எடுக்க முடியாத ஆணின்னா அந்த துண்ட வெட்டி விட்டுருங்க, ஒரு அடி மரம் போனா போவுது.

அப்புறம் ஓட்டுறப்ப பிளேடு அறுந்தா துப்பாக்கி வெடிச்ச மாதிரி சத்தம் வரும், பயந்து குனியாதீங்க, மரத்த விட்டுட்டு பின்னாடி வந்து சுவிச்ச அணைங்க, வீலு ரெண்டும் முழுசா நின்னப்புறம் தான் மூடிய தொறக்கணும். மிஷினுக்கு வலது பக்கம் யாரையும் நிக்க விடாதீங்க, வேடிக்கை பாக்க வர்ற பயலுகள மொதல்ல விரட்டுங்க. கடைசி ஆறு இஞ்ச கையால தள்ளாதீங்க, கட்டையால தள்ளுங்க. எங்க மில்லுல பத்து விரலோட ரிட்டயர் ஆனவன் கம்மி.

---

பழையஉத்திரம் எழுதியது:

நாலு மாசம் கழிச்சு வரேன், மன்னிக்கணும். மிஷின் ஓடுது!

லேத்து அண்ணன் சொன்ன மாதிரியே பேட்டர்ன் ஷாப் மிஷின் தான். பீளமேடு பக்கம் ஒரு பெரியவர், 71 வயசு, பையன் ஐடில இருக்கான், கடைய மூடறாரு. 30 இஞ்ச், 3 பேஸ் 3 ஹெச்பி, கைடுக்கு கீழ 14 இஞ்ச். பெயிண்ட் கிடையாது, மேல பூரா எண்ணெய், மரத்தூள். நான் சுத்தியல எடுத்ததும் அவரே "தட்டு தட்டு, தட்டாம வாங்குனா நான் குடுக்க மாட்டேன்"னாரு. எல்லாம் கணீர். 68 சொன்னாரு, 62க்கு முடிஞ்சது. வண்டில ஏத்துறப்ப கொஞ்ச நேரம் அது மேல கைய வச்சுட்டு நின்னாரு, நான் அந்த பக்கம் போயிட்டேன்.

கணக்கு கேப்பீங்கன்னு எழுதி வச்சிருக்கேன். மிஷின் 62,000. ரெண்டு ஊர்லயும் கிரேன் சேத்து 3,500, 407 வாடகை 9,000. பேரிங் நாலும் மாத்துனேன் 4,200, ரப்பர் டயர் ரெண்டு வீலுக்கும் 3,800. ஸ்டார்டர் பிரிவென்டரோட 3,600, வயரிங் 2,500. தரைக்கு கான்கிரீட் 4,000. பிளேடு மூணு 2,700, டிடெக்டர் 1,800. மொத்தம் 97,100. ஈபி டெபாசிட் தனி, அத வீட்டுல சொல்லல.

3 பேஸ் வர்றதுக்கு இழுத்துருச்சு, அதுக்குள்ள வன ஆபீஸ் மனுவும் குடுத்து, எழுத்துல பதில் கைக்கு வந்தப்புறம் தான் பிளேடே மாட்டுனேன். அதுவரைக்கும் சாக்கு போத்தி கிடந்துச்சு, எலிக்கு நாப்தலின் போட்டேன்.

பிளேடு 22 கேஜ், முக்கா இஞ்ச் அகலம், இஞ்சுக்கு மூணு பல்லு. நீளம் கணக்கு போட்டு வாங்குனது, ரெண்டு வீல் நடு தூரம் 48 இஞ்ச், அத ரெண்டால பெருக்கி வீல் சுத்தளவு 94 கூட்டுனா 190 இஞ்ச், பதினாறு அடிக்கு ரெண்டு இஞ்ச் கம்மி. டென்ஷன் திருகு நடுவுல இருக்கறப்ப அளக்கணும்னு பெரியவர் சொல்லி விட்டாரு, இல்லைன்னா பிளேடு ரெண்டாவது தடவ வெட்டி பத்த வைக்கறப்ப நீளம் பத்தாதாம்.

மொத பலகை கேவலமா வந்துச்சு, வாழைப்பழம் மாதிரி. அப்புறம் புரிஞ்சது, பிளேடு தானா கொஞ்சம் இடது பக்கம் இழுக்குது. ஒரு வேஸ்ட் கட்டைல கோடு போட்டு கைல அறுத்து பாத்து, அந்த கோணத்துக்கு ஃபென்ஸ (மரத்த சாச்சு தள்ளுற சட்டம்) திருப்பி வச்சேன். இப்ப 10 இஞ்ச் உத்திரத்துல 8 மில்லி பலகை, மேலயும் கீழயும் அரை மில்லி வித்தியாசம், இழைப்புளி போட்டா போயிரும். 3 ஹெச்பி மெதுவா தான் தள்ளணும், அவசரப்பட்டா மோட்டார் திட்டுது. சாயங்காலம் வேலை முடிஞ்சதும் பிளேட தளத்தி விட்டுட்டு தான் போறோம்.

இது வரைக்கும் டிடெக்டர் 41 ஆணி பிடிச்சிருக்கு. பிடிக்காத ஆணி ரெண்டு.

---

ஒருஇழைப்புளி எழுதியது:

ரெண்டு தானா? அதிர்ஷ்டக்காரர் நீங்க. அந்த ரெண்டும் எத்தனை ஆழத்துல இருந்துச்சு? அந்த டிடெக்டர் நாலு இஞ்ச்க்கு கீழ என்கிட்ட ஒண்ணுமே கத்த மாட்டேங்குது. நான் இப்பல்லாம் முதல் பலகை எடுத்ததும் மறுபடி தடவறேன், ஒவ்வொரு பலகைக்கும் ஒரு தடவ.

---

பழையஉத்திரம் எழுதியது:

அஞ்சு இஞ்ச் ஆழம், ரெண்டுமே. சரிண்ணே, நாளைல இருந்து பலகைக்கு பலகை தடவ சொல்றேன், ஆசாரி திட்டுவாரு.